டிரில் டீச்சர் சம்மதிக்கிறாள்

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் டீச்சர் போட்ட குண்டுக்குப் பிறகு, அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. டீச்சர் என்றால் கரும்பலகையில் எழுதிப் போட்ட டீச்சர் இல்லை, டிரில் டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று குரல் கொடுத்தால், அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளைக்கு முதுகு தானாக நிமிரும். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் சொல்பேச்சு கேட்காமல் போனபிறகு, மகனோடும் மருமகளோடும் இருக்கிறாள். மகன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மருமகளுக்கு பேக்கரியில் மாவு பிசைகிற வேலை.

போன வாரம் இடது கையால் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “நான் முதியோர் இல்லத்துக்குப் போறேன். இடம் இருக்கான்னு கேளுங்க” என்றாள். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு என்கிற மாதிரி சொன்னாள். 

இன்று காலை மகன் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறான்.

மகனா என்று கேட்பீர்கள். வேறு யார்? மருமகள் விடிவதற்கு முன்பே பேக்கரிக்குப் போயாக வேண்டும். குளிப்பாட்ட ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து பார்த்தார்கள். ஒருத்தி வந்தாள், மறுநாள் வரவில்லை. இன்னொருத்தி வந்தாள், வந்த நேரமெல்லாம் போனில் சண்டை போட்டாள். நல்ல ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. மருமகளின் லீவு நாளில்கூட, ‘அவ கொஞ்சம் தூங்கட்டும்’ என்று மகனே செய்துவிடுவான்.

முதல் நாள் அவன் செய்த காரியத்தை டீச்சர் சாகும்வரை மறக்க மாட்டாள். குளியலறை வாசலிலேயே நின்று ஒரு துண்டை எடுத்துத் தன் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. “எங்க தேய்க்கணும்னு நீ சொல்லும்மா” என்றான்.

அப்புறம் என்ன, டீச்சருக்கு வேலை திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. “இடது தோள். கீழே. போதும். முதுகு! அழுத்தித் தேய்டா, பூனைக்குட்டியையா தடவிக் கொடுக்கறே?” பையன் தடவித் தடவித் தேய்ப்பான். ஒரு நாள் சோப்பை அம்மா வாய்க்குள்ளேயே திணித்துவிட்டான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று கதவைத் தட்டினார்.

ஆனால் கண்ணைக் கட்டியவனுக்குத் தரையில் கிடக்கிற சோப்புத் தண்ணீர் எங்கே தெரியும்? நாற்காலியிலிருந்து அம்மாவைத் தூக்கி நிறுத்தும்போது வழுக்கிவிட்டது. அம்மா விழுந்து இடுப்பெல்லாம் கன்றிப்போய், டாக்டர் மகனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

மறுநாள் அவன் துண்டு இல்லாமல் வந்தான். 

பார்த்தான். தப்பாக ஒன்றும் இல்லை. ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜில் எங்கே ஒழுகுகிறது, எங்கே துரு பிடித்திருக்கிறது என்று பார்ப்பானே, அந்தக் கவனத்தோடு பார்த்தான். இடுப்புக் காயத்துக்கு மருந்து போட்டான். “இங்க தோல் உரியுதும்மா” என்றான்.

அன்றோடு டீச்சர் கட்டளை போடுவதை நிறுத்திவிட்டாள். குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கோபம் இல்லை. வெட்கம்கூட இல்லை, அதுவாவது இருந்தால் தேவலையே என்று இருந்தது. வலது கை மரத்துப்போனது போல உள்ளேயும் ஏதோ மரத்துப்போயிருந்தது.

“தண்ணி சூடு சரியா இருக்காம்மா?” என்று இன்றும் மகன் கேட்டான்.

“ம்.”

“அக்கா இந்நேரம் ஸ்டேஷன்ல இறங்கியிருப்பா.”

“ம்.”

மகன் சட்டை மாட்டிவிட்டான். செத்த கையை முதலில் நுழைத்து, நல்ல கையை அப்புறம் நுழைத்து, எல்லாம் பழகிப்போன கை. பொத்தான் போட்டுக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அவ அன்னிக்கு ராத்திரி சொன்னத மனசுல வச்சுக்காதம்மா. நான் அவகிட்ட பேசறதையே விட்டுட்டேன்.”

விஷயம் இதுதான். குண்டு போட்ட நாளுக்கு முந்தின ராத்திரி, மருமகள் சமையலறையில் புருஷனிடம், “என்னால முடியல” என்று சொன்னாள். அந்த வீட்டுச் சுவருக்குக் காது மட்டும் இல்லை, வாயும் உண்டு. டீச்சரின் அறைக்கு அது அப்படியே கேட்டது. மறுநாளே டீச்சர் கிளம்புகிறேன் என்றதும், வீடே கணக்குப் போட்டுவிட்டது. மகன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டான்.

‘அவ சொன்னதால இல்லடா’ என்று டீச்சர் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்புறம் எதனால? அதற்குப் பதிலை இவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“ம்” என்றாள்.

*

ஜட்ஜம்மா வந்து இறங்கினாள்.

டீச்சரின் மூத்த மகளுக்கு வீட்டில் வைத்த பேர் அது. தொழில் என்னவோ வாடகை வீடு பிடித்துக் கொடுப்பது. ஆனால் எந்த வழக்கிலும் எதிர்க்கட்சியைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுவாள். பெட்டியை வைத்ததும் வைக்காததுமாக அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையை ஒரு சுற்று பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள்.

“வெளிச்சம் இருக்கு, காத்து இருக்கு. இதை விட்டுட்டு எதுக்கும்மா அங்க? இனிமே ஆறு மாசம் இவன்கிட்ட இரு, ஆறு மாசம் என்கிட்ட இரு.”

“நான் என்ன கால்பந்தா, ஆளுக்குப் பாதி நேரம் உதைக்க?”

“சிரிப்பு வருதா உனக்கு? நாலு பேர் என்கிட்ட என்ன கேப்பாங்க தெரியுமா? பொண்ணுன்னு ஒருத்தி இருந்தும் அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிட்டாங்கன்னு கேப்பாங்க.”

“தள்ளல. நானே போறேன்.”

“நீயா போவே? உன்னைப் போக வச்சிருக்காங்க.”

அந்த நேரம் பார்த்து, பேக்கரியில் இன்றைக்கு அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, மருமகள் உள்ளே வந்தாள். தலைமுடியில் மாவு. மணிக்கட்டில் சுற்றின துணிப்பட்டை. செருப்பைக் கழற்றவும் விடவில்லை ஜட்ஜம்மா.

“வாம்மா. அத்தைக்குப் பெட்டி கட்டியாச்சா, இல்ல அதுவும் நான்தான் கட்டணுமா?”

“அண்ணி, நான் ஒண்ணும்...”

“நீ ஒண்ணும் சொல்லலையா? ‘முடியல’ன்னு யாரு சொன்னது, பக்கத்து வீட்டுக்காரரா?”

மருமகள் டீச்சரைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை கூட இல்லை, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன் என்கிற களைத்த பார்வை. டீச்சருக்கு அது புரிந்தது. புரிந்தும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் திறப்பதற்கு உள்ளே ஆள் இல்லை.

மருமகள் சமையலறைக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

*

மத்தியானம், முதியோர் இல்லத்தைக் கவனித்துக்கொள்கிற மேட்ரன் வந்தாள். தடித்த கண்ணாடி, தட்டையான செருப்பு, அதிகம் பேசாத ஆள். இல்லத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வருகிறவரைத் தனியாக உட்காரவைத்து, வர விருப்பமா என்று அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரையும் சேர்ப்பதில்லை.

ஜட்ஜம்மா கூட உட்காரப் பார்த்தாள். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்று மேட்ரன் கதவைச் சாத்திவிட்டாள். அந்த ஒரு காரியத்துக்காகவே டீச்சருக்கு அவளைப் பிடித்துவிட்டது.

“ஏதாவது கேக்கணுமா டீச்சர்? சாப்பாடு எப்படி, டாக்டர் எப்ப வருவார், இதெல்லாம் கேப்பாங்க.”

“குளிப்பாட்டறது யாரு?”

“பொம்பளைங்கதான். கதவைச் சாத்திக்கிட்டுத்தான்.”

“அவங்களுக்கு என்னைத் தெரியுமா?”

மேட்ரன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். “தெரியாது. தெரிஞ்சவங்க வேணுமா?”

“வேண்டாம். தெரியாதவங்கதான் வேணும்.”

 பிறகு டீச்சர் சொன்னாள். துண்டு, வழுக்கினது, துண்டு இல்லாமல் வந்த காலை, எல்லாவற்றையும் சொன்னாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அது சுலபமாக வந்தது. சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள், அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. யாரோ ஒருத்தியின் கதையை ஒப்பித்த மாதிரி இருந்தது.

“இது வீட்ல யாருக்காவது தெரியுமா டீச்சர்?”

பதில் சொல்வதற்குள் ஹாலில் மகனின் குரல் வெடித்தது. இன்றைக்கு வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறான் போல.

“நீ அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கு இவங்க இங்க வந்து உக்காருவாங்களா?”

“அப்படியா? சரி. நானே போறேன். எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். உங்க அம்மா இங்கயே இருக்கட்டும்.” மருமகளின் குரல் ஏறவே இல்லை. அலமாரி திறக்கிற சத்தமும், பையின் ஜிப்பை இழுக்கிற சத்தமும் கேட்டன.

“என்னைக் கொஞ்சம் வெளிய தள்ளிட்டுப் போங்க” என்றாள் டீச்சர்.

சக்கர நாற்காலி ஹாலுக்கு வந்தது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கையில் பையோடு மருமகள். இடுப்பில் கை வைத்தபடி ஜட்ஜம்மா. நடுவில் மகன்.

“பையைக் கீழ வைம்மா. நான் போறது உன்னால இல்ல.”

“நீ அவளுக்காகப் பேசாதம்மா” என்றாள் ஜட்ஜம்மா.

“நீ கொஞ்சம் சும்மா இரு.” டீச்சர் மகனைப் பார்த்தாள். “குளிப்பாட்டறதாலதாண்டா. நீ என்னைப் பார்க்கறதால.”

மகனின் முகம் சுண்டிப்போயிற்று.

“நான் பார்க்கலம்மா” என்றான்.

“பார்த்தே.”

“நீ விழுந்துட்டியேம்மா! மறுபடி எப்படிம்மா நான் கண்ணைக் கட்டிக்கிட்டு... உன் இடுப்பு ஒடைஞ்சிருந்தா?”

“தெரியும். உன் மேல தப்பே இல்ல. நான் விழாம இருக்கணும்னுதான் பார்த்தே. எல்லாம் தெரியும்.” டீச்சர் மூச்சு வாங்கினாள். “தெரிஞ்சும் என்னால முடியலடா.”

 தீர்ப்பு எழுத முடியாமல் ஜட்ஜம்மா நின்றதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. மகன் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆம்பிளை, குலுங்கிக் குலுங்கி அழுதான். டீச்சருக்கு அவன் தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. அவன் உட்கார்ந்ததோ வலது பக்கம்.

மேட்ரன்தான் தொண்டையைக் கனைத்தாள்.

“குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. சாயங்காலம் குளிச்சா ஆகாதா? அப்ப மருமக வீட்ல இருப்பாங்கல்ல?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அது தோன்றவே தோன்றாது. பல் தேய்த்ததும் குளியல், குளித்தபிறகுதான் வாயில் எதுவும் படலாம். ஜுரமானாலும் மழையானாலும் டீச்சர் வீட்டுச் சட்டம் அது. மருமகளாக வந்தவளும் அதன்படி நடக்கப் பழகிக்கொண்டாள். டீச்சரே போட்ட சட்டம், டீச்சருக்கே மாற்றத் தோன்றவில்லை.

“அட, ஆமா!” ஜட்ஜம்மாவுக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. மருமகள் பக்கம் திரும்பினாள். “சாயங்காலம் நீ சும்மாதானே இருக்கே? பொம்பளைக்குப் பொம்பளை. இதுல என்ன கஷ்டம்?”

மகனும் தரையிலிருந்து தலையைத் தூக்கிப் பெண்டாட்டியைப் பார்த்தான். ஒரு வாரம் கழித்து இப்போதுதான் கோபமில்லாமல் பார்க்கிறான்.

“இருக்கேன் அண்ணி” என்றாள் மருமகள். கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். “நான் குளிப்பாட்டறேன்.”

பத்து நிமிடத்தில் வீடு மாறிவிட்டது. ஜட்ஜம்மா சமையலறையில் பாத்திரத்தை உருட்டினாள், மகன் மூக்கைச் சிந்திவிட்டு எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்தான். மேட்ரன் மட்டும் வாசலில் நின்று டீச்சரிடம் குனிந்து சொன்னாள்.

“அந்த இடத்துக்கு இன்னொருத்தரும் காத்துக்கிட்டு இருக்காங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி போன் பண்றேன். வரேன், வரல, ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்லுங்க.”

*

சாயங்காலம் மருமகள் குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மாவு பிசைந்து பழகிய கை. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. வெந்நீர் முதுகில் இறங்கியது. அந்தக் கை கழுத்தடியில் தேய்த்தபோது டீச்சருக்கு என்னமோ செய்தது. மரத்துக் கிடந்த இடத்தில் சுருக் சுருக்கென்று ஊசி குத்துமே, அந்த மாதிரி உள்ளே குத்தியது. கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அதை மறைக்கக்கூட இல்லை.

இருந்துவிடலாமோ என்று முதல் தடவையாக நினைத்தாள். தினம் இந்த நேரம், இந்தக் கை. மகன் காலையில் வந்து சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போவான். ஃபிரிட்ஜ் கதை எல்லாம் சொல்வான்.

“நல்லா தேய்க்கறேம்மா நீ” என்றாள்.

 கை நின்றுவிட்டது. மருமகள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மணிக்கட்டுப் பட்டை நனைந்து தொங்கியது.

“அத்தை.”

“சொல்லு.”

“எல்லார் முன்னாடியும் சரின்னுட்டேன். அண்ணி அப்படிப் பார்க்கும்போது வேற என்ன சொல்றது?” குரலை இன்னும் தாழ்த்தினாள். “அன்னிக்கு ராத்திரி முடியலன்னு சொன்னேனே, அது உங்களைப் பத்தித்தான் அத்தை. இல்லன்னு பொய் சொல்ல மனசு வரல.”

டீச்சர் இடது கையால் முகத்து ஈரத்தை வழித்துக்கொண்டாள்.

“உங்களைப் பிடிக்காம இல்ல. எனக்குத் தெம்பு இல்ல. விடியறதுக்கு முன்னாடி ஓடறேன், நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. கை ரெண்டும் ராத்திரில எரியுது. இன்னிக்குச் செய்வேன், நாளைக்குச் செய்வேன். அப்புறம் ஒரு நாள் உங்க மேல எரிஞ்சு விழுவேன். அதுக்கப்புறம் தினம் விழுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.” மூக்கை உறிஞ்சினாள். “நீங்க போறேன்னு சொன்னப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. போங்க அத்தை. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்லிவிட்டு எழுந்து, மிச்சத் தண்ணீரை மெதுவாக, முகத்தில் படாமல் கையால் மறைத்து ஊற்றினாள். டீச்சரின் ஈரத் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வலித்தது. ஒரு வாரமாக, போறேன் போறேன் என்று தானே சொல்லிக்கொண்டு திரிந்தபோது வலிக்காதது, இன்னொருத்தி போங்க என்றதும் வலித்தது. போகப்போகிற இடம் அதேதான், நாற்காலி அதேதான், குளிப்பாட்டப் போகிறவர்களும் அவர்களேதான். காலையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் ‘ம்’ என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது உடம்பு முழுக்கத் தெரிந்தது.

இவள் மேல் கோபப்பட முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. இந்த வீட்டில் இன்றைக்கு அவளிடம் நிஜத்தைச் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

வெளியே போன் அடித்தது. யாரோ ஓடிப் போய் எடுக்கிற சத்தம். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் மகனின் குரல். எத்தனையோ நாளுக்குப் பிறகு அதில் பழைய சிரிப்பு இருந்தது.

“அம்மா, இல்லத்திலேருந்து மேட்ரன். நீ வரலன்னு சொல்லிடட்டுமா?”

டீச்சரின் தோளில் இருந்த கை இறுகியது. அவள் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். மருமகள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

“ஒண்ணும் சொல்லாதே. லைன்ல இருக்கச் சொல்லு” என்றாள் டீச்சர். “நானே வந்து பேசறேன்.”